நீ அனுப்பிய மேப் பற்றி

கண்ணா,

நீ அனுப்பிய மேப்பைப் பார்த்தேன். ஆள் கூடிய மாவட்டங்களுக்கு நீலம், குறைந்தவற்றுக்குச் சிவப்பு, கீழே 'சிவப்பெல்லாம் கதை முடிந்தது' என்று உன் தீர்ப்பு வேறு. இத்தனை வருஷம் புவியியல் பாடம் நடத்தியவளால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எத்தனை பேர் போனார்கள் என்பதோடு நிறுத்தாதே, எந்த வயதில் போனார்கள் என்று பார். ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் இருபதுகளில்தான், படிப்புக்கும் வேலைக்கும். அவர்கள் கிளம்பும்போது இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளும் சேர்ந்தே கிளம்பிவிடுகிறார்கள், அதனால் இருபது வருஷம் கழித்து ஆள் வெளியேறுவது நின்றே போனாலும் அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகமாக இருக்கும், சிவப்பு மாறாது. கிழக்கு ஜெர்மனியைப் பார். 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு இளையவர்கள், அதிலும் பெண்கள், மேற்கே போனார்கள். 2017-ல் போகிறவர்களைவிட மேற்கிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே ஆனார்கள், ஆனாலும் பல மாவட்டங்களில் ஜனத்தொகை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மேப்பை மட்டும் பார்க்கிறவன் 'இன்னும் ஓடுகிறார்கள்' என்றுதான் சொல்வான்.

அப்புறம், வந்தவர்களையும் போனவர்களையும் கழித்து மிச்சத்தை மட்டும் காட்டும் நிகரக் கணக்கு ரொம்பப் பொல்லாதது. ஆயிரம் பேர் போய்த் தொள்ளாயிரம் பேர் வந்தாலும் 100 குறைவு, நூறு பேர் போய் ஒருத்தரும் வராவிட்டாலும் 100 குறைவு. இரண்டும் ஒரே மாதிரி இடங்களா? ஒரு பக்கம் ஆள் போனால் எதிர்ப்பக்கமும் ஒரு ஓட்டம் இருக்கும், பெரும்பாலானவர்கள் கிட்டத்து ஊருக்குத்தான் போவார்கள் என்று 1885-லேயே ராவென்ஸ்டைன் என்ற புவியியலாளர் பிரிட்டிஷ் சென்சஸை வைத்து எழுதிவிட்டார். நம் 2011 சென்சஸிலும் அப்படித்தான்: இடம் மாறியவர்கள் சுமார் 45 கோடி, அதில் பெரும்பாலோர் பெண்கள், முக்கியக் காரணம் கல்யாணம், முக்கால்வாசிக்கு மேல் அதே மாநிலத்துக்குள். அந்தக் கணக்கில் நானும் ஒருத்தி. என்னை யாரும் புலம்பெயர்ந்தவள் என்று சொன்னதில்லை!

உன் நீலத்தையும் அப்படியே நம்பாதே. தென்கொரியாவில் தலைநகர் வட்டாரம் 2019 கடைசியில் நாட்டின் பாதி ஜனத்தொகையைத் தாண்டிவிட்டது. அந்த நாட்டிலேயே பிறப்பு விகிதம் மிகவும் குறைந்து கிடப்பதும் சியோல் நகரில்தான். வேறெங்கோ பெற்று, வளர்த்து, படிக்கவைத்த பிள்ளைகளைத்தான் பெரிய நகரங்கள் கையில் வாங்கிக்கொள்கின்றன. வளர்த்த செலவு சிவப்பு மாவட்டத்துக்கு, வரி நீலத்துக்கு. இதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

'முடிந்தது' என்று சொல்வது வெறும் பேச்சோடு போவதில்லை. ஆள் குறைகிறது என்று பள்ளிக்கூடத்தை மூடுவார்கள், பஸ்ஸைக் குறைப்பார்கள், அதைப் பார்த்துக் குழந்தைகள் இருக்கிற வீடுகளும் மூட்டை கட்டும். அடுத்த சென்சஸில் இன்னும் அடர்ந்த சிவப்பு, உன்னைப் போல நாலு பேர் "நான் அப்போதே சொன்னேனே" என்பார்கள்.

அதனால் வயதுவாரிக் கணக்கு கிடைத்தால் அனுப்பு. 20 முதல் 29 வரை தனியாக, ஆண் பெண் பிரித்து, வந்தவர்கள் ஒரு பத்தியில், போனவர்கள் இன்னொரு பத்தியில். எக்செல் என் போனில் திறக்காது, பிடிஎஃப் ஆக்கி அனுப்பு.

அம்மா