சீன வெட்டுக்கத்தி எலும்பு உடைப்பதற்கானதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையால் அடித்துச் செய்யப்படும் சீன வெட்டுக்கத்திகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கொல்லுத் தொழிலுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆயினும், மரப்பிடி போட்ட அந்த அகன்ற கத்தி எலும்போடு இறைச்சியைத் துண்டு போடுவதற்கென்றே உருவானது என்று கட்டுரை கூறுவது சரியன்று. இதை நம்பி, சீன வீடுகளில் அன்றாடம் புழங்கும் கத்தியை ஒருவர் எலும்பின்மேல் ஓங்கினால் அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, தெறித்துவிடும். தெறித்த சில்லு கண்ணில் படவும் கூடும். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

நீள்சதுர அலகைப் பார்த்து மட்டும் இக்கத்திகளை வேறுபடுத்த முடியாது. முதுகின் கனத்தையும் எடையையும் பார்க்க வேண்டும். காய்கறிகளையும் எலும்பில்லாத இறைச்சியையும் அரிவதற்கான மெல்லிய வகை சுமார் 300 முதல் 400 கிராம் வரை இருக்கும். எலும்பு வெட்டுவதற்கென்றே உள்ள தடித்த வகை முக்கால் கிலோவையும் தாண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 'வென்வூ' என்னும் வகையில் அலகின் முன்பகுதி மெல்லியதாகவும் பிடியை ஒட்டிய பகுதி சற்றுத் தடித்தும் இருப்பதால், அந்தப் பின்பகுதியைக் கொண்டு கோழி எலும்பை வெட்டலாம். பன்றியின் தொடை எலும்பை அதனாலும் வெட்டக்கூடாது.

எலும்புக்கு அல்ல என்றால் அலகு ஏன் அவ்வளவு அகலம் என்று வாசகர்கள் கேட்கலாம். குச்சிகளால் எடுத்து உண்ணும் சீன உணவு மேசையில் கத்திக்கு இடமில்லை. எனவே வெட்டும் வேலை முழுவதும் அடுக்களையிலேயே முடிந்தாக வேண்டும். கடும் தீயில் ஓரிரு நிமிடங்களில் வதக்கி இறக்கும் பண்டத்துக்கு, எல்லாத் துண்டும் ஒரே அளவில் மெல்லியதாக இருந்தால்தான் ஒருசேர வேகும். அகன்ற அலகின் பக்கம் இடக்கை விரல்களின் கணுவில் உராய்ந்தபடியே ஏறி இறங்குவதால், கை தேர்ந்தவர்களுக்கு வாய் விரலில் படாமல் துண்டின் கனம் ஒரே சீராக அமைகிறது. அதே பக்கத்தைச் சாய்த்து வைத்துப் பூண்டையும் இஞ்சியையும் நசுக்குவார்கள், அரிந்ததை அள்ளி வாணலியில் போடுவார்கள், முதுகால் இறைச்சியைத் தட்டி மிருதுவாக்குவார்கள், பிடியின் அடியால் மிளகைப் பொடிப்பார்கள். 2022 ஜூலையில், சீனாவின் பழமையான கத்தி நிறுவனங்களுள் ஒன்றின் கத்தி பூண்டு நசுக்கும்போது உடைந்ததும், அந்தக் கத்தி பூண்டு நசுக்குவதற்கானதல்ல என்று நிறுவனத்தின் தரப்பில் சொல்லப்பட்டதும் நாடெங்கும் கண்டனத்தை எழுப்பின. அந்தக் கோபம் எனக்கு முற்றிலும் நியாயமாகவே படுகிறது.

வாய் தெறிப்பதற்கான காரணம் உலையிலேயே இருக்கிறது. மெல்லிரும்புக்கு நடுவே கடினமான எஃகை வைத்துக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவது பழைய முறைகளுள் ஒன்று. முதுகிலிருந்து வாய்வரை படிப்படியாக மெலியும்படி அடித்து இழைத்த பின்னர், செந்தழலாக்கி, நீரிலோ எண்ணெயிலோ சட்டென அமிழ்த்தித் தோய்ச்சல் கொடுக்கிறார்கள். அந்த நிலையில் எஃகு மிகக் கடினமாகவும் எளிதில் உடையக்கூடியதாகவும் இருக்கும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால்தான் உறுதி வரும். இருப்பினும் காகிதம்போல் மெலிந்த வாய்க்கு எலும்பைத் தாங்கும் வலு கிடைப்பதில்லை. வாங்க விரும்புவோர் அலகின் பக்கத்தில் உள்ள சுத்தியல் தடங்களைக் கண்டு ஏமாற வேண்டாம், அவற்றை இயந்திரத்தாலும் பதித்துவிடலாம். அலகை முதுகுப்புறமிருந்து நோக்கி, அது சீராக மெலிகிறதா என்று பார்ப்பதே மேல்.

சீனக் கரையை ஒட்டி, தைவானின் ஆட்சியில் உள்ள கின்மென் தீவில், பீரங்கிக் குண்டுகளின் எஃகைக் கொண்டு கத்தி அடிக்கும் கொல்லர்களைப் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் ஒன்றைச் சேர்க்கலாம்: 1958 ஆகஸ்ட் 23 அன்று சீனா தொடங்கிய பெரும் பீரங்கித் தாக்குதலோடு குண்டுவீச்சு நின்றுவிடவில்லை. 1978ஆம் ஆண்டின் இறுதிவரை, பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிரசாரத் துண்டறிக்கைகளைச் சுமந்த குண்டுகள் அத்தீவில் விழுந்தன. வெடித்துச் சிதறும் குண்டுகளைப் போலன்றி இவற்றின் உறைகள் பெரிதாகச் சிதையாமல் கிடைத்ததால், கத்தி அடிப்பதற்கு ஏற்ற எஃகாக அவை அமைந்தன.

கட்டுரையோடு வெளியான படத்தில் இருப்பது, அலகின் மெல்லிய தன்மையைப் பார்க்கும்போது, அரிவதற்கான வகையாகவே தோன்றுகிறது. ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தக் குறிப்பு வெளியிட்டு, எலும்பு வெட்டத் தனிக் கத்தி உண்டு என்பதையும், கார்பன் எஃகு அலகைக் கழுவிய உடனே துடைத்து உலர்த்த வேண்டும் என்பதையும், மரப்பிடியைத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது என்பதையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்