எட்டு டாலர் வீதம் நாலு ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அங்கே உன் நலம் அறிய ஆவல்.

மலைக்காட்டில் நடந்து போகப் போகிறேன் என்று நீ அனுப்பிய பெர்மிட் வந்து சேர்ந்தது. "யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கட்டும்பா" என்று கீழே ஒரு வரி போட்டிருந்தாய். அந்த ஒருத்தர் நான் என்பதில் எனக்குப் பெருமைதான். உங்கம்மாவிடம், "பார்த்தியா, எனக்குத்தான் அனுப்பியிருக்கா" என்று காட்டிவிட்டு, அவள் கண்ணாடியைத் தேடுவதற்குள் போனை வாங்கிக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பையனை உட்காரவைத்து அந்தப் பார்க்கைப் பற்றி எல்லாம் படிக்கச் சொன்னேன். கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் என்று பெயர் சொன்னான். நீ இருக்கும் டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவில், மலை முதுகிலேயே எல்லைக்கோடு போகிறதாமே. காட்டுக்குள் ராத்திரி தங்குவதென்றால் பெர்மிட் இல்லாமல் முடியாது, எந்தத் தேதி எந்த ஷெல்டர் என்று முன்னாலேயே சொல்லியாக வேண்டும், அதையும் 30 நாளுக்கு முன்னால் எடுக்க முடியாது, ஒரு ஷெல்டரில் தொடர்ந்து ஒரு ராத்திரிக்கு மேல் இருக்கக் கூடாது என்றெல்லாம் வரிசையாகச் சொன்னான். நல்ல ஏற்பாடு. ஏற்காடு பஸ்ஸில் சனிக்கிழமை கூட்டத்துக்கு நாங்கள் இப்படி ஒன்று வைத்திருந்தால் படிக்கட்டில் யாரும் தொங்கியிருக்க மாட்டார்கள்.

உங்கம்மாவுக்குக் குரங்கணி ஞாபகம் வந்துவிட்டது. 2018-இல் அந்தக் காட்டுத்தீயை டிவியில் பார்த்துக்கொண்டே இருந்தாளே. மேலே போனவர்கள் எத்தனை பேர் என்று மணிக்கொரு கணக்குச் சொன்னார்கள். அவளிடம் நான் சொன்னேன்: அங்கே அப்படி இல்லை, யார், எத்தனை பேர், எந்த ராத்திரி எங்கே என்று ஆபீஸில் எழுதி வைத்திருக்கிறார்கள், நம்ம கண்டக்டர் இன்வாய்ஸ் மாதிரி. தலையை எண்ணினால் டிக்கெட்டோடு சரியாக வர வேண்டும்.

நீ கிளம்பும் நியூஃபவுண்ட் கேப் என்கிற கணவாய் 5,046 அடி. நம்ம ஏற்காடும் ஏறத்தாழ அதே உயரம்தான். அதாவது இருபது கொண்டை ஊசி வளைவையும் முடித்து, ஏரிக்கரையில் இறங்குகிற இடத்திலிருந்து நீ நடக்கவே ஆரம்பிக்கிறாய். முதல் ராத்திரி தங்குகிற ஐஸ்வாட்டர் ஸ்பிரிங், சேர்வராயன் கோயிலை விடவும் மேலே இருக்கிறது. பெயரிலேயே ஐஸ் இருக்கிறது கண்ணு, சாக்ஸ் மூன்று ஜோடி எடுத்துக்கொள். இரண்டு போதாது. ஒன்று நனைந்துவிடும்.

ஷெல்டர் படத்தையும் பார்த்தேன். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறந்த வெளி. உள்ளே மேலும் கீழுமாகப் பலகை. பன்னிரண்டு பேர் வரிசையாகப் படுக்க வேண்டுமாம், ஆண் பெண் என்றெல்லாம் இல்லையாம். இதை உங்கம்மாவிடம் சொல்லவில்லை. நாகலூர் நைட் ஹால்ட்டில் நானும் டிரைவரும் பஸ் சீட்டில் படுத்த காலத்தில் எங்களுக்குக் கதவாவது இருந்தது. சுவர் ஓரமாக இடம் பிடி. நடுவில் படுக்காதே.

கரடி விஷயம். 1,500-க்கு மேல் இருக்கிறதாம் அந்தக் காட்டில். இங்கே கரடியூர் என்று ஊருக்கே பெயர் இருக்கிறது, ஆனால் இத்தனை வருஷத்தில் ரோட்டில் எனக்கு எதிரே வந்ததெல்லாம் காட்டெருமைதான். அதற்கு ஹெட்லைட்டைக் குறைத்துவிட்டு நிற்போம், அது போகும். கரடியைக் கண்டால் ஓடக் கூடாதாம், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நகர வேண்டுமாம். சாப்பாட்டுப் பையைக் கம்பியில் கட்டி மேலே இழுத்துவிடுவதற்கு ஒவ்வொரு இடத்திலும் வசதி வைத்திருக்கிறார்களாம். உறிதானே அது! பூனைக்குப் பயந்து உங்க ஆயா கட்டினாள், அங்கே கரடிக்குப் பயந்து கவர்மெண்ட் கட்டியிருக்கிறது. போன மாதம் அனுப்பிய எள்ளுருண்டையை எடுத்துப்போனால் அதையும் உறியில் போடு. தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே, சின்னதில் உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வண்டியைப் பற்றி ஒரு யோசனை. நியூஃபவுண்ட் கேப்பில் நிறுத்த வாரத்துக்கு 15 டாலர் கட்டிவிட்டேன் என்றாய், சரி. ஆனால் நீ இறங்குவது டேவன்போர்ட் கேப்பில். நடுவில் 30 மைலுக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து வண்டி நிற்கிற இடத்துக்கு உன்னை யார் கொண்டுவந்து விடுவார்கள்? மாப்பிள்ளை வருவார் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன், கேட்கவில்லை.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. உங்கம்மாவுக்கு முட்டி வலி அப்படியே. கோரிமேட்டில் நம்ம தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். குண்டு மாமரம் இந்த வருஷம் சரியாகக் காய்க்கவில்லை.

பாப்பா, ஐஸ்வாட்டர் ஸ்பிரிங், பெக்ஸ் கார்னர், டிரைகார்னர் நாப், காஸ்பி நாப் என்று நாலு ராத்திரி. தலைக்கு ஒரு ராத்திரிக்கு எட்டு டாலர் என்று பையன் சொன்னான். பெர்மிட்டில் கட்டிய தொகை 32. முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கிழித்தவனுக்கு இந்தக் கணக்குப் போடப் பேனா வேண்டாம். பையன் கரடியைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தான். எனக்கு அதற்கப்புறம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

பெண்கள் தனியாக ஏறினால், "ஒண்ணா?" என்று இரண்டு தடவை கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். உன்னிடம் ஒரு தடவை கேட்க முடியவில்லை. இதை மட்டும் இவ்வளவு துணிச்சலாகச் செய்கிறவள் வேறு எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறாயே என்று கோபம்கூட வந்தது.

நீ சொல்லவில்லை என்று எழுதியது பொய்.

தைப் பொங்கல் கழிந்து நாலாம் நாள். நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நீ போன் செய்தாய். எப்போதும் அம்மாவுக்குத்தான் முதலில் செய்வாய், அன்றைக்கு எனக்கு. "அப்பா, நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டாய். உன் குரல் சரியாக இல்லை. நான், "ஹலோ, ஹலோ, கேக்கலை பாப்பா, இங்க சிக்னல் இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. நாலு கோடும் இருந்தது. நீ கேட்டது முழுசாகக் காதில் விழுந்தது. அக்கம்பக்கம் என்ன கேட்பார்கள், சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அவ்வளவும் தோன்றியது, நீ அழுகிறாய் என்பது மட்டும் கடைசியாகத்தான் தோன்றியது. அரைமணி கழித்து, "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்று மெசேஜ் வந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைத் திருப்பிப் போட்டேன். உங்கம்மாவுக்கு இன்று வரைக்கும் இது தெரியாது.

அந்த மலையில் நிறைய இடத்தில் சிக்னல் கிடைக்காதாம். பையன் அதைப் படித்தபோது நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

நீ தனியாகப் போவதைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. சேர்வராயன் கோயில் குகைக்குள் இருட்டில் என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினவள் நீ, ஆறு வயசு. போய்விட்டு வா. பெர்மிட்டை உடம்போடு வைத்துக்கொள், பையில் வைத்தால் மழையில் போய்விடும்.

மேல் அறையை ஒழித்துவிட்டேன். அரிசி மூட்டையும் பழைய தையல் மெஷினும் கீழே வந்துவிட்டன. உங்கம்மா எதற்கு என்று கேட்டாள், கரையான் என்று சொன்னேன்.

ஐந்தாம் நாள் இறங்கினதும் போன் செய். உனக்குச் சாயங்காலம் ஐந்து மணி என்றால் இங்கே விடியற்காலை இரண்டரை. பரவாயில்லை. நான் எடுக்கிறேன், அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கரடியைக் கண்டால் ஓடாதே. சாக்ஸ் மூன்று ஜோடி. இந்தத் தாளை நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பையனிடம் கொடுத்தால் படித்துவிடுவான். எழுத்துத் தெரியாவிட்டால் சொல், மறுபடி எடுக்கிறேன்.