பகல் குளிசை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

நீ டோஹாவிலிருந்து அனுப்பிய 24 மணித்தியாலச் சிறுநீர்ப் பரிசோதனை முடிவை நேற்று டொக்டரிடம் காட்டினேன். செம்பு கூடியிருக்கிறது, உன் குளிசையில் உள்ள நாகம் (சிங்க்) குறைந்திருக்கிறது. "மகன் குளிசையைத் தவறவிடுகிறார் போல" என்றார். இரவு கேட்டபோதுதான் பகல் குளிசையை விட்டு மூன்று மாதம் என்று சொன்னாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே அம்மா என்றாய்.

மனே, ஒன்றும் வராமல் காக்கிறதே அந்தக் குளிசைதான்.

அண்ணனுக்கு 17 வயதில் முதலில் மாறியது எழுத்து. அவனுடைய வயல் கணக்குக் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. பொங்கலுக்கு முன் எழுதிய பக்கத்தில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். சித்திரையில் அதே கை கோணிச் சுருங்கி, கோட்டுக்குக் கீழே வழுக்கிப் போயிருக்கும். மறுகா சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. நரம்புத் தளர்ச்சி என்றார்கள். நாவூறு என்று நூல் கட்டினோம். ஒன்றரை வருடம் வீணாய்ப் போனது. கண் டொக்டர் ஒருவர் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோதுதான் கருவிழி ஓரத்தில் பழஞ்செம்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. உடம்பில் செம்பு சேர்ந்துவிடும் நோய், வில்சன் என்ற டொக்டர் 1912இலேயே எழுதிவைத்தது.

எனக்கும் அப்பாவுக்கும் நோய் இல்லை. ஆனால் பழுதான பரம்பரை அலகு இரண்டு பேரிடமும் ஒவ்வொன்று இருந்திருக்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால்தான் 12 வயதில் உன்னையும் சோதித்தார்கள். அண்ணனுக்குச் சேர்ந்த செம்பை இழுத்து வெளியேற்றப் பெனிசிலமின் வேண்டியிருந்தது. உனக்கும் நோய் இருந்தது, ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்ததால் நாகம் போதும் என்றார்கள். அன்று நான் அழுதது சந்தோஷத்தில்.

நமக்கெல்லாம் மிச்சச் செம்பை ஈரல் பித்தத்தோடு கழித்துவிடும். உன் ஈரலால் அது முடியாது. நாகம் போனால் குடலின் உட்தோலில் ஒரு புரதம் ஊறும். அது சாப்பாட்டுச் செம்பை இறுக்கிப் பிடித்து, இரத்தத்துக்கு விடாமல் வைத்திருக்கும். அந்தத் தோல் சில நாளில் உதிர்ந்து மலத்தோடு போய்விடும். புதுத்தோலுக்குப் புதுக் குளிசை வேண்டும். 50 மில்லிகிராம் மூன்று வேளை என்று டொக்டர் எழுதித் தந்தது அதற்காகத்தான். சாப்பாட்டோடு போட்டால் நாகம் அதிலேயே சிக்கிவிடும். சாப்பிட ஒரு மணித்தியாலம் முன், இல்லாவிட்டால் இரண்டு மணித்தியாலம் பின். தேத்தண்ணியோடும் வேண்டாம், வெறும் தண்ணீர்தான். வயிறு பிரட்டினால் நீயாக நிறுத்தாதே, டொக்டரிடம் சொல்லு.

அண்ணன் இப்போது பொத்தானைத் தானே பூட்டுகிறான். ஆனால் கணக்கு எழுதப் பேனையை எடுப்பதில்லை, என்னைத்தான் கூப்பிடுகிறான்.

நீ கேட்ட கஜுவை அனுப்பவில்லை, அதில் செம்பு கூட. முறுக்கு மட்டும் சுட்டு வைத்திருக்கிறேன். அங்கே இறால், நண்டு, ஈரல் என்று கையை நீட்டாதே.

உனக்குப் பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்றால், மூன்று மணிக்குக் குளிசையைப் போட்டுவிட்டு எனக்கு ஒரு சொல் எழுது. இங்கே அப்போது ஐந்தரை. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

அம்மா