பழைய மின்ரயிலுக்கான ஏக்கமும் புதிய வண்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள குறுகிய பாதை) மின்ரயில்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான நினைவுக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். அந்த வண்டிகளில் பள்ளிக்கும் பின்னர் வேலைக்கும் போய்வந்தவன் என்ற முறையில், கட்டுரையாளரின் ஏக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பழைய வண்டியில் இருந்தவை எல்லாம் நல்லவை, புதிதாக வந்தவை எல்லாம் உயிரற்றவை என்று முடிவு கட்டியிருப்பதை ஏற்க இயலவில்லை. ரயில் ஆர்வலர்கள் எதை இழந்துவிட்டதாக வருந்துகிறார்களோ, அதுவும் பயணிகள் உண்மையில் இழந்ததும் ஒன்றல்ல என்பது என் எண்ணம்.

1931ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்னிந்திய ரயில்வே இந்தப் பாதையில் மின்ரயிலை விட்டபோது, பம்பாயில் மின்ரயில் வந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதை மின்மயமானது இங்கேதான் முதன்முறை. தொடக்கத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டி.சி.) இயங்கிய பாதை, 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு (ஏ.சி.) மாற்றப்பட்டது. விழுப்புரம் வரை மின்கம்பி நீண்டதும் அப்போதுதான். ஜப்பானிலிருந்து வந்த ஒய்.ஏ.எம்.1 என்ற வகை மின்சார இன்ஜின்கள், எழும்பூரிலிருந்து தென்மாவட்டங்களுக்குப் புறப்பட்ட வண்டிகள் பலவற்றை விழுப்புரம் வரை இழுத்துச் சென்று, அங்கே வேறு இன்ஜினிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும். 2004 ஜூலைத் தொடக்கத்தில் மீட்டர் கேஜ் மின்ரயில்கள் ஓய்வு பெற்றதோடு இந்த அத்தியாயம் முடிந்தது.

கட்டுரையாளர் ஒலிகளைப் பற்றி எழுதியது முற்றிலும் உண்மை. பழைய மின்ரயில் நிலையத்தில் நிற்கும்போது பெட்டிக்கு அடியில் காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரஸர் டகடகவென்று ஓடிக்கொண்டிருக்கும். போதிய காற்று நிரம்பியதும் சட்டென்று நிற்கும். அந்த அமைதியில்தான் மின்விசிறிகளின் இரைச்சலே காதில் விழும். கார்டு மணி கொடுத்ததும் மோட்டார்மேன் (மின்ரயில் ஓட்டுநர்) கைப்பிடியைத் திருப்ப, மின்மாற்றியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தம் படிப்படியாக உயரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சிறு உலுக்கல். நின்றுகொண்டு போகிறவர்கள் அதற்கு ஏற்பக் காலை மாற்றி வைத்துப் பழகியிருந்தார்கள். பல்லாவரத்திலிருந்து புறப்பட்ட வண்டி குரோம்பேட்டையை நெருங்கும்போது, மோட்டாரின் உறுமல் எந்த இடத்தில் அடங்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் எங்கள் பெட்டியிலேயே இருந்தார்கள்.

ஆனால் அந்த உலுக்கல் ஒரு குறைபாடுதான். இன்றைய மும்முனை மோட்டார் வண்டிகளில் மின்னழுத்தமும் அலைவெண்ணும் தொடர்ச்சியாக உயர்வதால் வேகம் சீராகக் கூடுகிறது. பிரேக் போடும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பித் தருகிறது. பழைய வண்டியிலோ அந்த ஆற்றல் முழுவதும் பிரேக் கட்டைகளைத் தேய்த்துச் சூடாக்குவதில் போயிற்று. அந்தக் கருகல் வாடையையும் நாம் நினைவுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். மேலும், ஏறத்தாழ 9 அடி அகலமுள்ள மீட்டர் கேஜ் பெட்டியில் காலை எட்டரை மணிக்கு மாம்பலத்தில் ஏற முயன்றவர்கள், 12 அடி அகலமுள்ள பிராட் கேஜ் (அகலப்பாதை) பெட்டியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கட்டுரையில் என்னை உறுத்தியது திறந்த கதவைப் பற்றிய பகுதி. வாசலில் நின்று காற்று வாங்கியதையும், ஓடும் வண்டியில் தாவி ஏறியதையும் வீரமும் விடுதலையுமாக அவர் எழுதியிருக்கிறார். 2018 ஜூலை 24ஆம் தேதி, வழக்கமான தடத்திலிருந்து விரைவுத் தடத்துக்கு மாற்றிவிடப்பட்ட கூட்ட நெரிசலான வண்டியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், பரங்கிமலை நிலையத்தில் தடுப்புச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். அவர்கள் காற்று வாங்க நின்றவர்கள் அல்லர். உள்ளே இடமில்லாததால் நின்றவர்கள். இதை மனத்தில் கொண்டால், தானாக மூடும் கதவை ரசனையின் எதிரியாகச் சித்திரிக்க யாருக்கும் கை வராது. கதவை மூட வேண்டுமென்றால் குளிர்சாதனம் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. மும்பையில் 2025 ஜூன் மாதம் மும்ப்ரா அருகே வண்டியிலிருந்து விழுந்து பயணிகள் இறந்த பிறகு, காற்றோட்டத்துக்குத் தனி ஏற்பாடுகள் செய்து, குளிர்சாதனமில்லாத வண்டிகளுக்கும் தானியங்கிக் கதவுகள் அமைக்கப்போவதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்தது.

அப்படியானால் பழைய வண்டியோடு போனது என்ன? 2025 ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்ரயில் அறிமுகமானபோது அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியிலோ 5 ரூபாய். குளிர்சாதன வசதிக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. முதல் வகுப்பு என்பது பழைய வண்டியிலும் இருந்ததுதான். ஆனால் அது அதே வண்டியின் ஒரு பகுதி. அதிகாரியும் அவருடைய அலுவலகக் கடைநிலை ஊழியரும் ஒரே வண்டியில் வந்து ஒரே நேரத்தில் இறங்கினார்கள். இப்போது வண்டி முழுவதும் அதிகக் கட்டணத்துக்குரியதாகிவிட்டதால், சாதாரண சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் அது புறப்பட்டுப் போவதைப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நெரிசல் நேரத்தில் தடத்தில் கிடைக்கும் ஒவ்வோர் இடைவெளியும் அருமையானது. அதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியைத்தான் ஆர்வலர்கள் எழுப்பியிருக்க வேண்டும். கட்டுரையில் ஹாரன் சத்தத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது; கட்டணத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

நினைவைப் பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது நாம் அதை அரைகுறையாகச் செய்கிறோம் என்பதே என் குறை. 1855இல் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 நீராவி இன்ஜினைப் பெரம்பூர்ப் பணிமனை செப்பனிட்டு ஓட வைத்தது. 2010 சுதந்திர தினத்தன்று அது மீண்டும் தண்டவாளத்தில் ஓடியபோது, பார்க்கக் கூட்டம் கூடியது. நீராவிக்குக் கிடைக்கும் மாலை மரியாதை மின்ரயிலுக்குக் கிடைப்பதில்லை. புகையும் இல்லை, சுழலும் தண்டுகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மும்பையில் ஹார்பர் தடத்தின் நேர்மின்சார வண்டி 2016 ஏப்ரலில் கடைசியாக ஓடிய இரவில் ஆர்வலர்கள் திரண்டு வழியனுப்பினார்கள். அந்த நகரத்தைப் பார்த்து இதிலாவது நாம் பொறாமைப்படலாம்.

மீட்டர் கேஜ் தண்டவாளமே அகற்றப்பட்டுவிட்ட நிலையில், அந்த வண்டியை இனி இந்தப் பாதையில் ஓட்டிக் காட்ட வழியில்லை. பெட்டிக்கு வண்ணம் பூசி வெயிலில் நிறுத்திவைப்பதோடு கடமை முடிந்துவிடாது. மோட்டார்மேன் அறையைத் திறந்துவிட்டு, கைப்பிடியைக் குழந்தைகள் திருப்பிப் பார்க்கும்படியும், பெட்டிக்கு அடியில் இருக்கும் மோட்டாரும் கம்ப்ரஸரும் கண்ணில் படும்படியும் ஒரே ஒரு மின்ரயில் பெட்டியையாவது காட்சிக்கு வைக்கலாம். பெரம்பூரில் ரயில் அருங்காட்சியகம் அமைந்திருப்பதே, இந்தியாவின் மின்ரயில் பெட்டிகளைப் பெருமளவில் உருவாக்கிய ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தை ஒட்டித்தான்.

அந்த வண்டிகளை ஓட்டிய மோட்டார்மேன்களும் தாம்பரம் பணிமனையில் அவற்றைப் பழுதுபார்த்தவர்களும் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். எந்த மழையில் எந்தப் பெட்டியில் மின்கசிவு வரும், எந்த வண்டிக்குப் பிரேக்கைச் சற்று முன்னதாகவே போட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பயணிகளின் நினைவுகளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய தங்கள் இதழ், அவர்களையும் தேடிச் சென்று பேச வைத்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
குரோம்பேட்டை