மனநல மாத்திரையும் வீடு தேடி வரட்டும்

ஐயா,

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தொடங்கிய பிறகு சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் எங்கள் கிராமத்தில் திண்ணைக்கே வருகின்றன. அதே தெருவில், மனச்சிதைவு நோயுள்ள மகனுக்கு மாத்திரை வாங்க ஒரு தாய் மாதாமாதம் கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகிறார். ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. மாத்திரை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரியும்: தூக்கம் போகும், பழைய சந்தேகம் திரும்பும், பையன் சொல்லாமல் கிளம்பிவிடுவான்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 18-ஆவது பிரிவில், அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. பணம் ஒதுக்காமல் இது எப்படி நடக்கும்? 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் கருகினார்கள். ஊருக்குப் பக்கத்தில் சிகிச்சை இருந்திருந்தால் அவர்களில் பலரைக் குடும்பத்தார் அங்கே விட்டிருக்கவே மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வரும் பட்ஜெட்டில் மனநல மருந்துகளுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். வீடு தேடி வரும் அந்தப் பையிலேயே இவற்றையும் சேர்க்க வேண்டும். வட்டார மருத்துவமனைக்கு வாரம் ஒரு நாளாவது மனநல மருத்துவர் வர வேண்டும்.

– ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்