கோமதிக்கு அப்பா எழுதுவது

சங்கரன்கோவில்

அன்புள்ள கோமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். கொஞ்ச நாளாகத் தொலைபேசியில் 'நன்றாக இருக்கிறேன்' என்ற இரண்டே சொல்லோடு முடித்துவிடுகிறாய். உன் அம்மா அதை மசக்கை என்கிறாள். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை? மாப்பிள்ளை இரண்டு ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்பிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. வேலைக்காலம் முழுவதும் அரசு ஆஸ்பத்திரி லேபில் ரத்தக் குழாய்களோடு கிடந்த அப்பன் ஒருவன் இருக்கும்போது, ராத்திரியெல்லாம் கூகுளைக் கேட்டுக்கொண்டிருந்தாயாமே. எனக்கு அதுதான் வருத்தம்.

முதல் ரிப்போர்ட்டில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி 'ரியாக்டிவ்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் சின்னதாக 1.4 என்று இருக்கிறதே, அதைப் பார்த்தாயா? கட்-ஆஃப் 1. அதைத் தாண்டினால் இயந்திரம் ரியாக்டிவ் என்று அச்சடித்துவிடும். 1.4 ஆனாலும் அதே சொல், 25 ஆனாலும் அதே சொல். நோய் உண்மையாகவே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்த எண் நன்றாக ஏறியிருக்கும். இவ்வளவு தாழ்ந்த எண் பல சமயம் பொய்யாகப் போய்விடும். பல சமயம் என்றுதான் சொல்கிறேன். எப்போதும் என்று சொல்லவில்லை. வங்கியில் அடுத்தவர் கணக்கைத் துருவித் துருவித் தணிக்கை செய்கிறவள் நீ. உன் சொந்தக் காகிதத்தில் எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்து அழுதிருக்கிறாய்.

இரண்டாவது லேபில், சில நிமிடத்தில் கோடு காட்டும் கார்டு டெஸ்ட் செய்து 'நான்-ரியாக்டிவ்' என்று வாங்கியிருக்கிறாய். அதை வைத்து முதலாவதை அடித்துவிட முடியாது. கார்டு டெஸ்ட் மங்கலானதைத் தவறவிடக்கூடும். மூன்றாவது லேபுக்குப் போய் இன்னொரு கார்டு போடலாம் என்று யோசிக்கிறாயாம். வேண்டாம். இரண்டும் தேடியது ஆன்டிபாடியைத்தான். வைரஸை யாரும் இன்னும் தேடவே இல்லை. வைரஸ் தானாகவே போன பிறகும் ஆன்டிபாடி ரத்தத்தில் தங்கியிருக்கும். நூறு பேருக்குத் தொற்றினால் 15 முதல் 45 பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் போய்விடுகிறது. வேறு எதற்கோ உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி இந்த டெஸ்டில் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார். ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு நோய் என்று வைத்துக்கொள். நோயில்லாத நூறு பேரில் ஒருவரை மட்டும் தவறாக ரியாக்டிவ் என்று காட்டும் நல்ல டெஸ்ட். அந்த ஐந்து பேரையும் பிடித்துவிடும். நோயில்லாத பத்துப் பேரையும் சேர்த்துப் பிடிக்கும். கையில் ரியாக்டிவ் காகிதத்தோடு நிற்கும் பதினைந்து பேரில் பத்துப் பேருக்கு ஒன்றுமே இல்லை. நீ எந்தப் பக்கம் என்று ஆன்டிபாடி சொல்லாது. வைரஸையே தேடும் ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. என்ற பி.சி.ஆர். டெஸ்ட்தான் சொல்லும். அதைச் செய்.

வைரஸ் இல்லை என்று வந்தால் இப்போது நோய் இல்லை. பழைய தொற்றா, பொய்யா என்று தெரிய வேண்டுமானால் வேறு நிறுவனத்தின் கிட்டில் ஆன்டிபாடியை மறுபடி பார்க்கச் சொல்லலாம். இருக்கிறது என்றே வந்தாலும் பன்னிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும். 2018-இலிருந்து அரசுத் திட்டத்தில் அது இலவசம். பிரசவத்துக்குப் பிறகு தொடங்குவதுதான் வழக்கம். குழந்தைக்குப் போவது நூற்றில் ஆறு போலத்தான். இதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. காம்பில் வெடிப்போ ரத்தமோ இல்லாதவரை தாய்ப்பாலும் கொடுக்கலாம். குழந்தைக்கு அவசரப்பட்டு ஆன்டிபாடி பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதே. தாயின் ஆன்டிபாடி பதினெட்டு மாதம் வரைகூட அதன் ரத்தத்தில் இருக்கும். ஆனால் முதலில் ஆர்.என்.ஏ.

பொதுவாக ஒன்று சொல்லி வைக்கிறேன். இது ரத்தத்தின் வழியாகப் பரவுவது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, கட்டிக்கொள்வதாலோ வராது. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும் காமாலை வேறு, இது வேறு. போன ஞாயிறு வீடியோவில் எல்லோர் கையிலும் எவர்சில்வர் டம்ளர் இருந்தது, உன் கையில் காகிதக் கப். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அத்தை நல்லவர். சீமந்தப் புடவையைத் தானே கடை கடையாக அலைந்து எடுத்தவர். வளைகாப்பைத் தள்ளிப்போட்டதற்கு நாள் சரியில்லை என்றார். பஞ்சாங்கம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. நான் பேசினால் சம்பந்தி வீட்டு வழக்காகிவிடும். மாப்பிள்ளை பேசினால் மகன் பேச்சு. அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

கீழாநெல்லிச் சாறு தருகிறார்களாம். உனக்குக் காமாலையே இல்லையே! டாக்டரைக் கேட்காமல் குடிக்காதே.

எப்படி வந்தது என்று அங்கே யாரோ உன்னைக் கேட்டார்களாம். வந்திருக்கிறதா என்பதே தெரியாதபோது எப்படி வந்தது என்பது என்ன கேள்வி? பதில் சொல்லாதே. எனக்கும் சொல்ல வேண்டாம். தென்காசிச் சித்தி விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நீ ஒருத்திதான். அந்தத் தெம்பு உனக்கு இருக்கிறது.

திங்கட்கிழமையே போ. கார்டு வேண்டாம், ஆர்.என்.ஏ. என்று சீட்டில் எழுதியே கேள். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டுப் போ. ரிப்போர்ட் வந்ததும் முழுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. 'நார்மல்' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பாதே, எனக்கு எண் வேண்டும். உன் அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் கோயம்புத்தூரில் வந்து நிற்பாள், ஆகையால் முந்திக்கொள்.

அப்பா