சரோடா யார்டில் அப்பாவுக்கு ரிலீவராக வந்த தம்பிக்கு

அப்பா உள்ளே தூங்குகிறார். அவர் காணாமல்போன அந்த இரண்டு நாளைப் பற்றி மறுபடி எழுதத் தெம்பில்லை. கூடவே தேடி அலைந்தவர்களுக்குத் தெரியாததா? ஆனால் அவர் கிடைத்த இடத்தில் நடந்தது பலருக்குத் தெரியாது.

சரோடாவில் இருக்கும் பிலாய் மார்ஷலிங் யார்டில், சரக்கு வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் இடத்தில், வேகன் நம்பர்களைக் குறிக்கும் டிரெயின்ஸ் கிளார்க்காக இருந்தவர் அப்பா. ஞாபகம் தப்பினாலும் கால்களுக்கு வழி தெரிந்திருக்கிறது. "ரிலீவர் வராம எப்படி இறங்குறது?" என்று, அடுத்த ஷிப்டுக்கு மாற்றாள் வரும்வரை அங்கிருந்து நகர மறுத்தாராம். நைட் டியூட்டியில் இருந்த, தண்டவாளப் பாதையை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் தம்பி அவரைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "நான்தான் ரிலீவர் பாபுஜி, சார்ஜ் கொடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டை நீட்டியிருக்கிறார்.

அப்பா ஒரு மணி நேரம் சார்ஜ் கொடுத்திருக்கிறார், அதாவது பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்! தான் வேலைக்குச் சேரும் முன்பே, 1959 பிப்ரவரி 4 அன்று, ராஜேந்திர பிரசாத் பிலாய் உருக்காலையின் முதல் ஊதுலையைத் தொடங்கிவைத்ததில் ஆரம்பித்து, ஆலைக்கு வரும் தல்லி ராஜ்ஹரா தாது, நந்தினி சுண்ணாம்புக்கல், ஜாரியாப் பக்கத்து நிலக்கரி வரை. நாலு சக்கர வேகன்களில் சாக்பீஸ் குறி. மழையில் கைவிளக்கைத் தூக்கிப்பிடித்து, ஒவ்வொரு வேகனாக நடந்து நம்பர் எழுதியது. எண்பதுகளில் பாக்ஸ்-என் என்ற எட்டுச் சக்கரப் பெரிய வேகன்கள் வந்து, ரேக்கை, அதாவது வேகன் தொடரை, உடைக்காமல் முழுசாகவே ஓட்டத் தொடங்கியதும் வேகன் பிரிக்கிற வேலை குறைந்துபோனதாம். அந்த மனத்தாங்கலையும் சேர்த்தே ஒப்படைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சரி, நாங்களும் கேட்டதில்லை.

கடைசியில் கையெழுத்து, நேரம், தேதி. வருடம் 1987 என்று போட்டிருக்கிறார். தம்பி அதைத் திருத்தவில்லை. அதன் கீழேயே 'சார்ஜ் எடுத்துக்கொண்டேன்' என்று ஹிந்தியில் எழுதி, அவரும் 1987 என்றே போட்டிருக்கிறார். அந்த வருடம் தம்பி பிறந்தே இருக்க மாட்டார். அதற்கப்புறம்தான் அப்பா எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஜீப்பில் ஏறினாராம்.

ஆர்.பி.எஃப். என்ற ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர்கள், பவர் ஹவுஸ் பகுதி ஆட்டோக்காரர்கள், செக்டர் செக்டராகப் போட்டோவோடு சுற்றிய தமிழ்க் குடும்பங்கள், தேநீர் கொடுத்துக் காசு வாங்காத கடைக்காரர், எல்லோருக்கும் கும்பிடு. பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி, அந்தத் தாளை நீங்களே கிழித்துக் கொடுத்தீர்கள். பத்திரமாக இருக்கிறது. நேற்று நானும் ஒரு நீள நோட்டு வாங்கினேன். இனிமேல் சாயங்காலம் சாயங்காலம் நான்தான் ரிலீவர். பிலாய் தண்டவாளம் வேகனில் ஏறி வெளியூர் போன கதையை உங்களிடம் பாதியில் விட்டுவிட்டாராமே, இன்று அதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லப் போகிறேன்.